மைக் சோதனை

எல்லோரும் ஒன்று இரண்டு மூன்று என்பார்கள்.
பாதிரியார்கள் தொண்டையைச் செருமுவார்கள்.
மர்டோ கால்பிரெய்த் மட்டும்
காலியான விருந்துக் கூடத்தின் நடுவே
காலை அகட்டி நின்று கத்துவார்:
"மேலே ஏறு! இடதில் ஆள்! விடு, என் பந்து!"
என் பலகையில் முள் சிவப்பில் போய் இடிக்கும்.

கிரீனக் துறைமுக ஓட்டலில் பதினான்கு வருடமாக
ஒலிபெருக்கிக்குக் காவல் நான்.
அவர் பேசி நேற்றோடு ஒன்பதாவது இரவு.

அறுநூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள்,
தேசத்தின் சட்டையில் நாற்பத்து மூன்று.
சுவரொட்டி இவ்வளவுதான் சொல்லும்.
மைக்கைப் பிடிக்கையில் அவர் சுண்டுவிரல் மட்டும்
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி போல
வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதைச் சொல்லாது.

இருபத்திரண்டு வருடம்
நான்கு முதுகுகளைப் பார்த்துப் பேசியவர்.
ஒரு முதுகும் திரும்பி, கேட்டது என்று சொன்னதில்லை.
முப்பதாயிரம் பேர் இரைச்சலில் அவர் சொல்
கடலில் கரைத்த பெருங்காயம்.
இப்போது முகங்கள்.
ஸ்பூனை வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு
பார்க்கிற முகங்கள்.
"பெனால்டியே தேவலை" என்றார் ஒருமுறை,
உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தபடி.
"அங்கே ஒருவன்தான் என்னைப் பார்ப்பான்."

பேச்சின் வரிசை எனக்கு மனப்பாடம்.
முதலில், பேருந்தில் தொலைந்த பல்செட்டு.
பிறகு பயிற்சியாளரின் நாய்.
பிறகு ஒரு பெருமூச்சு
(அதற்கு நான் ஒலியைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும்).
பிறகு அந்தக் கோல்.
எண்பத்தேழு, அரையிறுதி, மழை,
பூனைகூடப் பிடித்திருக்கும் பந்து
கால்களுக்கு நடுவே புகுந்து போன கதை.
"அன்றைக்கு என் முழங்கால்கள் இரண்டும்
சண்டை போட்டுப் பிரிந்திருந்தன" என்பார்.
கூரை அதிரும்.
காப்பீட்டு முகவர்கள், டயர் வியாபாரிகள்,
ஓய்வுபெற்ற தீயணைப்புக்காரர்கள்,
அந்த ஒரு கோலுக்குத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள்.
தடுத்ததை யார் கேட்டார்?

நேற்றுச் சோதனையில் அவர் கத்தவில்லை.
கைபேசியைப் பைக்குள் வைத்தார், எடுத்தார், வைத்தார்.
"ஒன்று, இரண்டு" என்றார், எல்லோரையும் போல.

பல்செட்டு வந்தது. நாய் வந்தது.
பெருமூச்சு. ஒலியை ஏற்றினேன்.

"யூவன் பெட்ரி" என்றார்.
கூடத்தில் யாருக்கும் தெரியாத பெயர்.

"பதினோரு வருடம் எனக்குப் பதிலாளாக பெஞ்சில் இருந்தான்.
ஆடியது மூன்றே ஆட்டம்.
ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கை சூடேறும்வரை
இருநூறு பந்து அடித்துத் தருவான்.
அன்று இடைவேளையில் பின்னாலேயே வந்து சொன்னான்:
இடது கம்பத்தருகே தண்ணீர் தேங்குது,
பந்து அங்கே எழும்பாது, குனி.
நான் திரும்பிப் பார்க்கவில்லை."

சிரிப்பு வரவேண்டிய இடம்.
சிலர் சிரித்தே விட்டார்கள், பழக்கதோஷம்,
பாதியில் தண்ணீர் குடித்து மறைத்தார்கள்.
பின்வரிசையில் ஒரு தட்டு விழுந்து
தன்பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி நின்றது.
முள் அடியில் கிடந்தது.
வழக்கமாக அப்படிக் கிடந்தால் ஒயரைப் பார்க்க ஓடுவேன்.
ஓடவில்லை.

"இன்று காலை, பெய்ஸ்லி மருத்துவமனையில்" என்றார்.
வாக்கியத்தை முடிக்கவில்லை.

உறையை நீட்டிய சங்கச் செயலாளர்
"கோல் கதையைக் கொஞ்சம் மாத்திட்டீங்க போல" என்றார்.
மர்டோ தலையாட்டினார்,
ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை.

நான் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
வாசலில் நின்று, ஷூ முனையால் கதவு நிலையை
இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு.
ஆட்டம் தொடங்குமுன் கம்பங்களைத் தட்டுவாராமே, அப்படி.
பிறகு மழைக்குள் இறங்கினார்.
குடை என் நாற்காலியிலேயே கிடந்தது.

அடுத்த விருந்து பதினேழாம் தேதி, மீன் வியாபாரிகள் சங்கம்.
குடையை உலர்த்தி, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.